வெள்ளை அட்டை தீர்ந்த நாள்

இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, ஐயா. உட்கார்ந்ததிலிருந்து ஆடிக்கொண்டே இருக்கிறது. கெட்டி அட்டை ஒன்றை நான்காக மடித்துக் காலுக்கு அடியில் கொடுத்தால் நின்றுவிடும். எங்கள் ஆபீஸ் நாற்காலிகளை எல்லாம் நான் அப்படித்தான் நிறுத்தி வைத்திருந்தேன். மேசையில் நீங்கள் கவிழ்த்து வைத்திருக்கிறீர்களே, அந்த அட்டையைச் சொல்லவில்லை. அது அங்கேயே இருக்கட்டும். அதைப் பற்றிப் பிறகு பேசலாம்.

எனக்குக் கோபம் உண்டு. அதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள், பின்னால் மறைத்தேன் என்று வரக்கூடாது. குரலை உயர்த்த மாட்டேன், உயர்த்திப் பழக்கமில்லை. ஆனால் மனம் உருகி, அழுது, கையெடுத்துக் கும்பிட்டு ஒப்புக்கொள்கிற ஆள் என்று என்னை நினைத்துவிடாதீர்கள். செத்துப்போனவர் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. நான்கு நாளாக நீங்கள் பார்த்த வேலையைப் பார்த்து உங்கள் மேலும் கொஞ்சம் இருக்கிறது.

பத்தொன்பது வருடம் அந்தத் துப்பறியும் நாவல் ஆபீஸில் வேலை பார்த்தேன். மாதம் ஒரு நாவல், தொண்ணூற்றாறு பக்கம், ஒன்றாம் தேதி காலையில் கடைகளில் தொங்க வேண்டும். எழுதுகிறவர் ஒரே ஆள். கதைக்குக் கதை முடிச்சுப் போடுகிறவர் என்பதால் அவருக்குப் பின்னால் எல்லோரும் அவரை முடிச்சு என்பார்கள், முன்னால் சார் என்பார்கள். நான் புரூஃப் பார்ப்பேன். அதோடு அவருக்கு ஆள் பிடித்துக் கொடுப்பேன். ஆள் என்றால் உயிரோடு இல்லை, அட்டையில்.

விளக்குகிறேன். முடிச்சுக்குக் கதை கட்டத் தெரியும், மனிதர்களைத் தெரியாது. வீடு, கார், ஆபீஸ், மறுபடி கார், வீடு என்று வாழ்கிறவருக்கு மனிதர்கள் எங்கே கிடைப்பார்கள்? அதனால் நான் கிளம்புவேன். பஸ்ஸில், பல் ஆஸ்பத்திரியில், துணி தேய்க்கிற கடையில் நின்று ஆட்களைப் பார்ப்பேன். ஒருவன் பேசும்போது சட்டைப் பொத்தானைத் திருகுவான், ஒருத்தி சில்லறையை எண்ணாமல் பைக்குள் போடுவாள். அதையெல்லாம் உள்ளங்கை அளவு அட்டையில் எழுதி, ஓரத்தில் தேதி போட்டு, பெட்டியில் அடுக்குவேன். “சட்டியில இருந்தாத்தானய்யா அகப்பையில வரும்” என்பார் முடிச்சு. சட்டி நான், அகப்பை அவர். புகழ் அகப்பைக்கு.

அட்டைக்கு நிறம் உண்டு. நீலம் என்றால் துப்பறிகிறவர். அவருக்கு மனைவி இருக்கக்கூடாது, இருந்தால் செத்திருக்க வேண்டும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தால் வாசகர் நிமிர்ந்து உட்காருவார். நேற்று என்னைக் கேள்வி கேட்பதற்கு முன் நீங்களும் கழற்றித் துடைத்தீர்கள், எனக்குச் சிரிப்பு வந்தது. பச்சை, அவருடைய உதவியாள். நன்றாகப் படித்தவன், ஆனாலும் பக்கத்துக்கு ஒரு முட்டாள் கேள்வி கேட்டே ஆக வேண்டும். அவன் கேட்காவிட்டால் பெரியவர் யாருக்கு விளக்குவார்? மஞ்சள், சந்தேகத்துக்கு ஆள். முரட்டுக் குரல், முகத்தில் தழும்பு, தோட்டக்காரன், டிரைவர், இப்படி யாராவது. எண்பது பக்கம் அவனை எல்லோரும் அடித்து உதைத்துவிட்டு, அப்புறம் அவன் நிரபராதி என்பார்கள். எந்தக் கதையிலும் யாரும் அவனிடம் மன்னிப்புக் கேட்டது கிடையாது. சாம்பல் என்றால் கொலைகாரன். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத ஆளாக இருக்க வேண்டும்.

சிவப்பு, மயக்குகிறவள். சத்தமாகச் சிரிக்கிறவள், தனியாக இருக்கிறவள், முன்னால் ஒருவனோடு பழகி அது கூடிவராமல் போனவள். அவள் ஒன்றும் செய்திருக்க வேண்டாம். கடைசிப் பக்கத்துக்குள் அவள் செத்துப்போனாலோ ஜெயிலுக்குப் போனாலோ வாசகருக்குத் திருப்தி. வெள்ளை, அப்பாவி. சாவதற்கென்றே பிறந்த நல்லவர்கள். அவர்களுக்காக வாசகர் ஒரு சொட்டுக் கண்ணீர் விட வேண்டும். ஒரு நாவலுக்கு மூன்று பிணம் தேவைப்படும் என்பதால் வெள்ளை அட்டைதான் சீக்கிரம் தீரும். பைண்டர் ஒன்றாம் தேதி வெட்டிக் கொடுக்கிற கட்டு இருபதாம் தேதிவரை தாங்கும். அதற்கு மேல் கைக்கு வந்த நிறத்தில் எழுதி, வாயால் சொல்லிவிடுவேன்.

முக்கியமான விஷயம் ஒன்று. முடிச்சு நிறம் பார்த்துத்தான் அட்டையை எடுப்பார். சிவப்பு வேண்டுமென்றால் சிவப்புக் கட்டில் கையை விட்டு ஒன்றை உருவுவார். அதில் எழுதியிருப்பதை அப்புறம்தான் படிப்பார். இதைப் பத்தொன்பது வருடம் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரு மனுஷி எப்படிப்பட்டவள் என்பதை அவளைப் பார்க்காமலே, நிறத்தை வைத்து ஒருவர் முடிவுகட்டுவதைப் பார்த்தால் உங்களுக்குக் கோபம் வராதா? எனக்கு வந்தது.

என் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கும் அவளுக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அவளுக்கு ஒன்பது வயது. வளர்த்தது நான்தான். பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னி அனுப்பியதும் நான்தான், கோணல்மாணலாக இருக்கும் என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். சிரித்தாள் என்று சொல்ல வேண்டும். சின்ன வயதில் படியில் விழுந்து முன்பல் ஓரம் உடைந்துவிட்டது, அதனால் சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வாள். அப்பாவின் பெரிய வாட்ச்சைக் கட்டியிருப்பாள், மணிக்கட்டில் நிற்காமல் முழங்கைவரை ஏறி இறங்கும். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பார்த்துப் பவர் சொல்கிற வேலை. வருகிறவர்கள் எல்லோரிடமும் பேச்சுக் கொடுப்பாள்.

இருபத்து மூன்று வயதில் ஒருவனோடு போனாள். பதினொரு நாள் கழித்துத் திரும்பி வந்தாள். நான் கதவைத் திறந்தேன், ஒன்றும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அந்தப் பதினொரு நாள் எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். வெளியே சித்தி வீட்டுக்குப் போயிருந்தாள் என்று சொல்லிவிட்டேன். நான் நல்ல அண்ணன், ஐயா. யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அவளுக்கு முப்பத்தைந்து வயதில் ஒரு இடம் வந்தது. மனைவியை இழந்தவர், எட்டு வயதில் ஒரு மகள். மகளுக்குக் கண் பார்க்கக் கடைக்கு வந்திருக்கிறார். அந்தக் குழந்தை சுவரில் இருக்கிற எழுத்தைப் படிக்க மாட்டேன் என்று அடம்பிடித்ததாம். என் தங்கை வாட்ச்சைக் கழற்றி அதன் கையில் கொடுத்து, முள் எங்கே இருக்கிறது சொல், சரியாகச் சொன்னால் ஒரு மணி நேரம் நீயே கட்டிக்கொள் என்றிருக்கிறாள். அப்படி ஆரம்பித்தது. அவர் தன் அக்காவை அழைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முறையாக வந்து கேட்டார். ஆறு வாரத்தில் கல்யாணம் என்று பேசி முடித்தோம். எனக்குச் சந்தோஷம்தான்.

அன்றைக்குச் சாயங்காலம் வழக்கம்போல் அவள் என் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டாள். புரூஃப் பார்த்துப் பார்த்து என் கண் காய்ந்துபோகும், எட்டு வருடமாக அவள்தான் விடுவாள். நீ போய்விட்டால் இதை யார் விடுவது என்று விளையாட்டாகக் கேட்டேன். “தலையத் தூக்கி நீயே விட்டுக்கோண்ணா. ஊர்ல எல்லாரும் அப்படித்தான் விட்டுக்கிறாங்க” என்று சொல்லி வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். இதை ஏன் சொல்கிறேன் என்று தெரியவில்லை, எழுத வேண்டாம்.

அந்த வாரம் முடிச்சு என்னை எல்லோர் முன்னாலும் வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினார். நாலு மாதமாக நான் கொண்டுவருகிற ஆட்களில் உயிரே இல்லையாம், எல்லாம் செத்த மூஞ்சியாம். “உனக்குத் தெரிஞ்ச ஆளுன்னு ஒருத்தர்கூடவா இல்ல?” என்றார். பைண்டர் தலையைக் குனிந்துகொண்டான், மற்றவர்கள் சிரித்தார்கள். அப்போதுதான் என் தங்கையை அட்டையில் எழுதினேன். அன்பினால்தான் எழுதினேன். அவள் பட்ட பாட்டை லட்சம் பேர் படித்து, அவளுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடட்டும் என்று எழுதினேன். உடைந்த பல், அப்பாவின் வாட்ச், கண்ணாடிக் கடை, பதினொரு நாள். பெயர் எழுதவில்லை. தங்கை என்றும் எழுதவில்லை, அது நாகரிகமாக இருக்காது.

இரண்டு நாள் கழித்து முடிச்சு அதைப் படித்துவிட்டு என் தோளில் கை வைத்தார். “இதுல உயிர் இருக்குய்யா” என்றார். பத்தொன்பது வருடத்தில் அவர் என்னைத் தொட்டது அந்த ஒருமுறைதான். மறைக்காமல் சொல்கிறேன், அன்றைக்கு வீட்டுக்கு நடந்தே போனேன், கால் தரையில் படவில்லை.

பிறகு அவர் செய்ததைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். அவளைக் கொண்டுபோய் மயக்குகிறவளாகப் போட்டார். கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பாள், வருகிற பணக்காரக் கிழவர்களின் கண்ணைப் பார்த்து மயக்குவாள். ஒருவனோடு பதினொரு நாள் இருந்து, பன்னிரண்டாம் நாள் பாலில் விஷம் வைப்பாள். அவனுடைய வாட்ச்சைக் கழற்றித் தன் கையில் கட்டிக்கொள்வாள். உடைந்த பல்லை மறைத்துக்கொண்டு சிரிப்பாள், அந்தச் சிரிப்பை வைத்துத்தான் துப்பறிகிறவர் கண்டுபிடிப்பார். கடைசியில் மாடியிலிருந்து விழுந்து சாவாள். விற்பனை அமோகம், இரண்டாம் முறை அச்சடித்தார்கள்.

அந்த மாதம் புரூஃப் பார்த்தது யார் என்று கேட்கிறீர்கள். நான்தான் பார்த்தேன். தொண்ணூற்றாறு பக்கமும் பார்த்தேன். மூன்று எழுத்துப் பிழையும், பல் என்று வரவேண்டிய இடத்தில் பால் என்று இருந்ததும் என் கண்ணில் பட்டன, திருத்தினேன். என் வேலை பிழை பார்ப்பது. கதை பார்ப்பது என் வேலையில்லை. ஒரு சொல்லை மாற்றினால்கூட முடிச்சு காகிதத்தை முகத்தில் வீசுவார், அப்படிப்பட்ட மனிதர். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அது இங்கே நடக்கக்கூடாது. யார் எழுதினாரோ அவர்தான் பொறுப்பு.

மாப்பிள்ளையின் அக்கா மாதம் தவறாமல் எங்கள் நாவல் படிக்கிறவர். வாட்ச்சைப் பார்த்திருக்கிறார், பல்லைப் பார்த்திருக்கிறார், கடை தெரியும். அண்ணன் வேலை பார்க்கிற ஆபீஸ் பெயர் புத்தகத்தின் மேலட்டையிலேயே அச்சாகியிருக்கிறது. புத்தகத்தை எடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்து, அந்தப் பதினொரு நாள் உண்மையா என்று அவளிடமே கேட்டார். என் தங்கைக்குப் பொய் சொல்ல வராது. மாப்பிள்ளை இரண்டு முறை வந்து வெளியே நின்றுவிட்டுப் போனார். அப்புறம் வரவில்லை. கடையில் கூட வேலை பார்க்கிறவர்கள் அவள் பால் வாங்கிவந்தால் குடிக்க மாட்டோம் என்று கேலி செய்தார்கள். பதினைந்து நாளில் வேலையை விட்டாள்.

என்னிடம் அவள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு, அப்பாவின் வாட்ச்சைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். அந்த ஆளை நான் சும்மா விட மாட்டேன் என்று அவளிடம் சொன்னேன். அவள் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

“அந்த ஆளு என்னப் பாத்ததே இல்லண்ணா. பாத்தது நீ மட்டும்தான்.”

அவ்வளவுதான் சொன்னாள். பாவம், அதிர்ச்சியில் என்ன பேசுகிறோம் என்று தெரியாமல் பேசினாள். தோழி ஒருத்தி இருக்கிற ஊருக்குப் போய்விட்டாள். நான்கு கடிதம் எழுதினேன், பதில் இல்லை. கண்ணுக்கு நானே மருந்து விட்டுப் பார்த்தேன். பாதி கன்னத்தில் வழிகிறது.

அவள் திரும்பி வரவேண்டும் என்றால் நான் ஏதாவது செய்தாக வேண்டியிருந்தது. ஒரு பிழை அச்சாகிவிட்டால் அடுத்த பதிப்பில் திருத்துவோம். அவள் வாழ்க்கைக்கு அடுத்த பதிப்பு கிடையாது.

எங்கள் ஆபீஸ் முன்னால் ஒரு வங்கியாக இருந்த கட்டடம். அவர்கள் போகும்போது தூக்க முடியாமல் விட்டுப்போன இரும்புப் பெட்டகம் ஒன்று பின்னறையில் நிற்கிறது. ஆள் உயரம், தட்டுகளைக் கழற்றிவிட்டால் ஒருவர் நிற்கலாம். நீங்கள்தான் பார்த்தீர்களே. முடிச்சுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கொலையையும் ஒத்திகை பார்க்காமல் எழுத மாட்டார். சாகிறது எப்போதும் நான். பத்தொன்பது வருடத்தில் நான் செத்த சாவுக்கு அளவில்லை. அலமாரிக்குள் செத்திருக்கிறேன், காருக்கு அடியில் செத்திருக்கிறேன், மாடிப்படியில் தலைகீழாகக் கிடந்து அரை மணி நேரம் செத்திருக்கிறேன். மூன்று தட்டுத் தட்டினால் ஒத்திகையை நிறுத்த வேண்டும் என்பது எங்களுக்குள் பேச்சு. நான் உள்ளே இருந்து தட்டினால் அவர் ஒருநாளும் உடனே திறந்ததில்லை. இன்னும் ரெண்டு நிமிஷம்யா என்பார்.

அடுத்த நாவலில் ஒரு பணக்காரரைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்ட வேண்டும். உள்ளே இருக்கிறவர் பேசினால் வெளியே எவ்வளவு கேட்கும் என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரச் சொன்னார். ஆபீஸில் வேறு யாரும் இல்லை. நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மடங்க மாட்டேன் என்கிறது, இந்த ஒருமுறை நீங்களே உள்ளே நின்று பாருங்கள் சார், சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்றேன். அவருக்குச் சிரிப்பு. தன் வார்த்தையைத் தனக்கே திருப்பிச் சொன்னால் அவருக்குப் பிடிக்கும். டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

மூன்று மணிக்குச் சாத்தினேன். அப்பாவின் வாட்ச் என் கையில் இருந்தது. கேக்குதா என்றார், நல்லா கேக்குது சார் என்றேன். மெதுவாகப் பேசச் சொன்னேன், பேசினார். ‘குரல் தெளிவு, வார்த்தை வார்த்தையாகக் கேட்கிறது’ என்று நோட்டில் குறித்தேன். மூன்று பத்துக்கு மூன்று தட்டுத் தட்டினார். நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“சார், என் தங்கச்சிய ஏன் சார் சிவப்புல போட்டீங்க?”

“எந்தத் தங்கச்சி? உனக்குத் தங்கச்சி இருக்காய்யா?”

பத்தொன்பது வருடம், ஐயா. அவருடைய மாமனாருக்கு எந்தக் கண்ணில் புரை என்று எனக்குத் தெரியும். எனக்கு ஒரு தங்கை இருப்பது அவருக்குத் தெரியவில்லை. கதவைத் திறக்கலாமா என்று ஒரு எண்ணம் அதுவரை எங்கேயோ இருந்தது, அந்தக் கேள்வியோடு அது போய்விட்டது. உடைந்த பல், ஆம்பளை வாட்ச், கண்ணாடிக் கடை என்று நினைவுபடுத்தினேன். அவருக்கு ஞாபகம் வந்தது. உடனே வேகமாக ஏதோ சொன்னார். அட்டை என்றார், நீதானே என்றார், நிறம் பற்றி என்னமோ சொன்னார். நடுவில் இரும்புக் கதவு. எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

இன்னும் ரெண்டு நிமிஷம் சார் என்றேன்.

பிறகு கத்தினார், திட்டினார், அழுதார். அவருடைய நாவலில் பணக்காரர்கள் அழமாட்டார்கள், அதையும் குறித்துக்கொண்டேன். கடைசித் தட்டல் நான்கு ஐம்பது. அது மூன்று தட்டுக்கூட இல்லை, ஒன்றுதான். நான் ஐந்தரைவரை உட்கார்ந்திருந்தேன். பிறகு என் மேசைக்குப் போய், ஒரு வெள்ளை அட்டை எடுத்து, தங்கையைப் பற்றி முதலிலிருந்து நல்ல கையெழுத்தில் எழுதிப் பெட்டியில் சேர்த்தேன். இப்போது போய்ப் பாருங்கள், வெள்ளையில் இருக்கிறாள். வீட்டுக்கு வந்து அவளுக்கு ஒரு கடிதம் எழுதினேன், திருத்தியாகிவிட்டது, கிளம்பி வா என்று. அந்தக் கடிதத்தை அவள் உங்களிடம் கொண்டுவந்து கொடுத்ததாகச் சொல்கிறீர்கள். பயந்திருப்பாள். சின்னப் பெண்தானே.

திங்கட்கிழமை நீங்கள் வந்தீர்கள். வந்த ஒரு மணி நேரத்தில் பைண்டரை இழுத்துக்கொண்டு போனீர்கள். கன்னத்தில் பெரிய தழும்பு, கரகர குரல், போன மாதம் முடிச்சோடு சத்தம் போட்டிருக்கிறான். என்ன சத்தம் தெரியுமா? அவனைப் பார்த்து அவர் மூன்று நாவலில் மஞ்சள் ஆள் எழுதிவிட்டார், தெருவில் பிள்ளைகள் அவனைக் கண்டு ஓடுகின்றன, இனிமேல் எழுதாதீர்கள் என்று கேட்டான். அவ்வளவுதான். அந்தத் தழும்பு காகிதம் வெட்டுகிற கத்தி எகிறிப் பட்டது. பூனைக்குட்டிக்குப் பால் வைக்கிறவன் அவன். நீங்கள் நிறம் பார்த்து அட்டையை உருவினீர்கள், முடிச்சு மாதிரியே. மூன்று நாள் அவனை வைத்திருந்தீர்கள். அவன் மனைவி என் வாசலில் வந்து அழுதாள். எனக்கு எவ்வளவு கோபம் வந்தது தெரியுமா? அவளுக்குத் தண்ணீர் கொடுத்து, சட்டம் தன் வேலையைச் செய்யும் என்று சொல்லி அனுப்பினேன்.

நான் மாட்டியது பழக்கத்தினால். ஒத்திகை நோட்டை எடுத்து அந்த நாவலுக்கான கோப்பில் வைத்துவிட்டேன், எப்போதும் வைக்கிற மாதிரி. அதில் நான்கு ஐம்பது என்று என் கையெழுத்தில் இருந்ததை உங்கள் ஏட்டு, இதோ எழுதிக்கொண்டிருக்கிறவர், கண்டுபிடித்தார். வேலையை ஒழுங்காகச் செய்கிறவன் இப்படித்தான் மாட்டுவான். என்னைச் சாம்பல் அட்டையில் போட்டுவிட்டீர்கள் என்று தெரிகிறது. போடுங்கள். ஆனால் நான் செய்தது கொலை என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு பெண்ணைப் பார்க்காமலே அவள் தலையெழுத்தை எழுதினார் ஒருவர். அதற்கு நான் அவரிடம் விளக்கம் கேட்டேன். அவர் சொன்ன பதில் போதவில்லை.

சரி, இப்போது அந்த அட்டையைத் திருப்புங்கள்.

ஆமாம், சிவப்புதான். என் கையெழுத்துதான். வெள்ளை தீர்ந்துபோயிருந்தது, ஐயா. கைக்கு வந்ததில் எழுதினேன், வாயால் சொல்லிவிடலாம் என்றுதான் போனேன், அவர் போனில் இருந்தார். அப்புறம் தோளில் கை வைத்தபோது சொல்லத் தோன்றவில்லை. அவர் ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம்.

தேதி நான்கு என்றுதான் போட்டிருக்கிறேன். வெள்ளை இருபதாம் தேதிவரை தாங்கும் என்று நான்தான் சொன்னேன், மறுக்கவில்லை. அந்த மாதம் சீக்கிரம் தீர்ந்தது. அதே நான்காம் தேதி போட்ட ஏழு வெள்ளை அட்டைகள் பெட்டியில் இருந்தால் இருக்கட்டும், காலையில் எழுதியிருப்பேன், இதை மத்தியானம் எழுதியிருப்பேன். ஒன்றாம் தேதி நூறு வெள்ளை வெட்டிக் கொடுத்ததாகவும், நான்காம் தேதி சாயங்காலம்கூடக் கட்டில் பாதிக்குமேல் இருந்ததாகவும் பைண்டர் சொல்கிறானா?

அவன் சொல்வதை எழுத வேண்டாம், ஐயா. அவன் முகத்தைப் பார்த்தீர்கள் அல்லவா? அந்தத் தழும்பு ஒன்று போதாதா, எப்படிப்பட்ட ஆள் என்று தெரிந்துகொள்ள?